இலங்கையைக் காரில் ஒரு முழுச் சுற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கைத் தீவை முடிந்தவரை கரையோரமாகவே காரில் சுற்றிவர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்கள் கொழும்பு, கண்டி, நுவரெலியா, காலி என்ற சின்ன வட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எல்லாம் "நேரம் இருந்தால் பார்க்கலாம்" என்று ஓரங்கட்டப்படும். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. நாள் கணக்கு போடும்போது வடக்குக்கும் கிழக்குக்கும் முதலில் ஒதுக்குங்கள், மிச்சத்தைத் தெற்குக்குக் கொடுங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தில் எழுதியவைதான்.

மொத்தம் எவ்வளவு தூரம்? எத்தனை நாள் வேண்டும்?

கிளை வழிகளைச் சேர்க்காமல் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். இதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் போதும் என்று முடிவுகட்ட வேண்டாம். ஊர்களுக்கு நடுவே போகும் வீதிகளில் மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரியாக வந்தாலே நல்ல ஓட்டம். நினைத்த இடத்தில் பஸ் நிற்கும், நடுவீதியில் மாடு படுத்திருக்கும், பள்ளிவிடும் நேரத்தில் சைக்கிள்கள் வரிசையாக வரும். ஒரு நாளில் 150 கிலோமீட்டருக்கு மேல் வைத்தால் பார்ப்பதற்குப் பொழுது மிஞ்சாது.

நான் சொல்லும் கணக்கு 16 இரவு. நீர்கொழும்பு 1, மன்னார் 1, யாழ்ப்பாணம் 3, திருகோணமலை 2, மட்டக்களப்பு 2, அறுகம் குடா 1, எல்ல என்ற மலையூர் 2, திஸ்ஸமஹாராம 1, காலி 2, கொழும்பு 1. பன்னிரண்டு நாளுக்கும் குறைவாகத்தான் விடுமுறை என்றால் முழுச் சுற்றை விட்டுவிடுங்கள். வடக்கையும் கிழக்கையும் மட்டும் பார்த்துவிட்டு, மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை, தம்புள்ளை வழியாகக் கொழும்புக்குத் திரும்பலாம். அரக்கப்பரக்க முழுத் தீவையும் ஓடி முடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எந்த மாதம் நல்லது?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இலங்கைக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காலி, கொழும்பு, மலையகத்தின் மேற்குச் சரிவு நனையும், அதே நாட்களில் திருகோணமலையில் வெயில் கொளுத்தும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது கிழக்கு நனையும், தென்கரை காயும். நடுவே 2,524 மீட்டர் வரை எழும் மலைகள் நின்று மழை மேகத்தை ஒரு பக்கமே கொட்ட வைக்கின்றன. ஆகவே தீவு முழுவதும் ஒரே சமயத்தில் நல்ல வானிலை என்பது குறுகிய காலம்தான்.

என் தேர்வு பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை. கிழக்கில் மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் நிரம்பியிருக்கும், தெற்கில் கடல் இன்னும் அமைதியாக இருக்கும். ஏப்ரல் 13, 14 புத்தாண்டு நாட்களில் கடைகள் பல மூடியிருக்கும், ஓட்டல்களில் ஆள் இருக்காது, அதைத் தவிருங்கள். இரண்டாவது தேர்வு ஆகஸ்ட். நல்லூர்த் திருவிழா நடக்கும் காலம், கிழக்குக் கடலும் நன்றாக இருக்கும். தென்கரையில் கடல் மட்டும் கொந்தளிக்கும், நீந்த முடியாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தச் சுற்றுக்கு வேண்டவே வேண்டாம். தீவு முழுக்க மழை பெய்வதும் வங்காள விரிகுடாவில் புயல் எழுவதும் அப்போதுதான். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தின் வீதிகளையும் ரயில் பாதையையும் கடுமையாகச் சிதைத்துவிட்டுப் போனது. எல்ல பக்கம் போகுமுன் எந்த வீதி திறந்திருக்கிறது, ரயில் எதுவரை ஓடுகிறது என்று தங்கப்போகும் விடுதியிலேயே கேட்டுவிடுங்கள்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

வலமாக. கொழும்பிலிருந்து வடக்கே ஏறி, கிழக்கே இறங்கி, தென்கரை வழியாகத் திரும்புவது. இலங்கையில் இந்தியாவைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிறோம். வலமாகச் சுற்றினால் கடல் எப்போதும் உங்கள் இடது கைப் பக்கம் வரும். நல்ல இடம் கண்ணில் பட்டால் எதிர் வாகனங்களைக் குறுக்கே வெட்டாமல் அப்படியே ஓரங்கட்டி நிறுத்தலாம்.

தமிழ்நாட்டிலிருந்து சொந்தக் காரைக் கொண்டுவர முடியுமா?

முடியாது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் பயணிகளுக்கு மட்டும்தான். மழைக் காலத்தில் அதுவும் நின்றுவிடும். ஆனால் அந்தக் கப்பலிலோ சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் விமானத்திலோ வந்திறங்கி, யாழ்ப்பாணத்தையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். வட்டம்தானே, எங்கே தொடங்கினால் என்ன? வாடகை வாகனத்தை யாழ்ப்பாணத்திலேயே எடுத்து அங்கேயே விட முடியுமா என்று மட்டும் முன்பே பேசி வையுங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு நானே ஓட்டலாமா?

அது மட்டும் போதாது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவந்து, கொழும்பில் உள்ள ஓட்டோமொபைல் சங்கத்தில் ஒப்புதல் பெறுவது. மற்றது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தரும் தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம். 2025 ஆகஸ்ட் முதல் இதைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே கொடுக்கிறார்கள். எதை ஏற்பார்கள் என்று வாடகை நிறுவனத்திடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சரியான அனுமதி இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது.

சாரதியோடு வாகனம் எடுப்பது நல்லதா?

வயதான அம்மா அப்பாவோடு வருகிறீர்கள் என்றால், ஆமாம், யோசிக்கவே வேண்டாம். மலை வீதி, யானை, முந்திக்கொண்டு வரும் தனியார் பஸ் எல்லாமே அவருக்குப் பழக்கம். ஆனால் பல சாரதிகளுக்குத் தெற்கும் மலையகமும் அத்துப்படி, மன்னார்ப் பக்கம் போயே இருக்க மாட்டார்கள். தமிழ் பேசும் சாரதி வேண்டும், வடக்கு கிழக்கு தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். அவருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பதையும் பேசி முடியுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டச் சொல்லாதீர்கள், அவருக்கும் உடம்பு இருக்கிறது.

நீர்கொழும்பிலிருந்து மன்னாருக்குக் கரையோரமாகவே போகலாமா?

புத்தளம் வரை போகலாம். வழியில் சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரம் கோயில் இருக்கிறது. புத்தளத்துக்கு வடக்கே வில்பத்துக் காடு குறுக்கே நிற்கிறது. காட்டினூடாக மன்னாருக்குப் போகும் பழைய பாதை வரைபடத்தில் தெரியும். அது நீதிமன்றம் வரை போன விவகாரம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். புத்தளத்திலிருந்து அனுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னாருக்குப் போவதுதான் சரி. சுற்றுதான், ஆனால் நல்ல வீதி.

மன்னாரில் ஒரு இரவாவது தங்குங்கள். திருக்கேதீச்சரம், கடலோரக் கோட்டை, பள்ளிமுனையில் அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெரிய பெருக்கமரம் (பாவோபாப்), தெருவில் திரியும் கழுதைகள். பிப்ரவரியில் போனால் வங்காலைப் பக்கத்துச் சதுப்பில் பூநாரைகளைப் பார்க்க வாய்ப்பு உண்டு. தலைமன்னார் முனையில் நின்றால் எதிரே ராமேசுவரம் இருக்கும் திசை. 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அங்கிருந்து இங்கே கப்பல் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஏ-32 வீதி. இந்தச் சுற்றில் எனக்கு மிகப் பிடித்த வீதிகளில் ஒன்று. மன்னாரிலிருந்து பூநகரி வரை நேராகப் போகும். பனையும் வயலும் உப்புவெளியும்தான் துணை, வாகனமே குறைவு. முடிவில் கடல்நீரேரியைத் தாண்டும் சங்குப்பிட்டிப் பாலம். 2011 ஜனவரியில் திறந்தார்கள். அதற்கு முன் யாழ்ப்பாணம் போக ஆனையிறவு வழியாகத்தான் சுற்ற வேண்டும். மன்னாரிலேயே பெற்றோலும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு மூன்று இரவு எதற்கு?

ஊருக்கு ஒரு நாள், தீவுகளுக்கு ஒரு நாள், வடகரைக்கு ஒரு நாள். ஊரில் நல்லூர்க் கோயில், போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டை, 1981-ல் எரிக்கப்பட்டு மறுபடி எழுந்த பொது நூலகம். நூலகத்துக்குள் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வாருங்கள், வெளியே நின்று படம் எடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள்.

தீவுகள் நாளுக்குப் பண்ணைப் பாலம் வழியாக வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் வரை காரில் போகலாம். இரண்டு பக்கமும் முழங்கால் ஆழக் கடல், அதில் நட்டுவைத்த மீன்பிடிக் கம்புகள். குறிகட்டுவானில் காரை விட்டுவிட்டுப் படகில் நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் போகலாம். நெடுந்தீவு என்றால் படகிலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கே காட்டுக் குதிரைகளும் பவளப்பாறைக் கல்லில் கட்டிய வேலிகளும் உண்டு. கடைசிப் படகு எப்போது என்று இறங்கியவுடனேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் கீரிமலைக் கேணி, காங்கேசன்துறை, பருத்தித்துறை என்று வடகரையோரமாகப் போய், மாலையில் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் முடிக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு முல்லைத்தீவு வழியாகப் போகலாமா?

போகலாம். பரந்தனில் ஏ-9 வீதியை விட்டு இடதுபக்கம் திரும்பி ஏ-35-ல் போனால் புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், முல்லைத்தீவு. 2009-ல் போரின் கடைசி வாரங்கள் கடந்துபோன மண் இது. வேடிக்கை பார்க்கும் இடமாக நினைத்துப் போக வேண்டாம். இறங்கி நடக்க விரும்பினால் நடங்கள், மக்கள் பேசினால் கேளுங்கள். நீங்களாகக் கிளறிக் கேட்காதீர்கள், வீடுகளையும் ஆட்களையும் படம் எடுக்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ட இடத்தில் வீதியை விட்டு ஓர் அடி கூட உள்ளே போகக் கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியின் சில பகுதிகளில் நீண்டகாலமாக நடந்துவருகிறது.

நேரம் குறைவு என்றால் ஏ-9-ல் நேரே வவுனியா வந்து, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு இறங்குங்கள். அது நல்ல வீதி, அரை நாள் போதும்.

கிழக்குக் கரையில் எதை விடக்கூடாது?

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு மாலையில் போங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் மேய்வதைப் பார்த்துக்கொண்டே ஏறிப்போனால், மேலே பாறை முனையில் கோயில், கீழே செங்குத்தாகக் கடல். மறுநாள் காலையில் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு. பவளப்பாறையில் கால் வைக்காமல் நீந்துங்கள். அப்படியே வடக்கே குச்சவெளி வரை கடலோர வீதியில் ஒரு ஓட்டம் ஓட்டலாம்.

திருகோணமலை–மட்டக்களப்பு ஏ-15 வீதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, அது எனக்கு வருத்தம். முன்பு இந்த வழியில் படகுத் துறைகளில் வண்டியோடு காத்திருக்க வேண்டியிருந்தது. 2009-ல் கிண்ணியாப் பாலமும் அதன்பின் மற்றப் பாலங்களும் திறந்தபின் கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று தடையில்லாமல் போகலாம். களப்பு (கடல்நீரேரி), ஆற்றுமுகம், வயல், மறுபடியும் களப்பு. வாகரையில் நல்ல மீன் சாப்பாடு கிடைத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். பாசிக்குடாவில் கடலுக்குள் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர். சின்னப் பிள்ளைகள் குளிக்க இதைவிட நல்ல கடல் இந்தத் தீவில் இல்லை என்பேன்.

மட்டக்களப்பில் வாவிதான் ஊர். இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே மீன் பாடும் என்பது ஊரின் நெடுநாள் பெருமை. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி மறுமுனையில் காது வைத்துக் கேட்பார்கள்.

அங்கிருந்து தெற்கே பொத்துவில் வரை ஊர் முடிவதே தெரியாது. காத்தான்குடியில் நடுவீதியில் பேரீச்சை மரங்கள். அப்புறம் களுவாஞ்சிக்குடி, கல்முனை, சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில். ஒரு ஊரில் கோபுரம், அடுத்த ஊரில் பள்ளிவாசல், இரண்டிலும் தமிழ். 2004 சுனாமி மிகக் கொடுமையாக அடித்த கரைகளில் இதுவும் ஒன்று. கடலோரத்தில் நினைவுத் தூண்கள் பலவற்றைக் காண்பீர்கள்.

அறுகம் குடாவிலிருந்து கரையோரமாகவே கதிர்காமம் போக முடியாதா?

காரில் முடியாது. பாணமைக்கும் உகந்தைக்கும் அப்பால் குமண, யால காடுகள். ஆனால் நடந்து போகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஆடிவேல் விழாவுக்காக வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் பாதயாத்திரை அடியார்கள் இந்தக் கிழக்குக் கரை முழுவதும் நடந்து, உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு, காட்டு வழியாகக் கதிர்காமம் சேர்கிறார்கள். அந்த நாட்களில் வந்தால் வீதியோரத்தில் காவி வேட்டியும் வேலுமாக அவர்களைக் காண்பீர்கள், மெதுவாகத் தாண்டுங்கள். நாம் பொத்துவிலிலிருந்து லகுகல, மொனராகலை, வெல்லவாய வழியாக உள்நாட்டுக்குள் போக வேண்டும்.

கரையோரச் சுற்றில் எல்ல எதற்கு?

வெல்லவாய வரை வந்தபின் எல்ல 30 கிலோமீட்டருக்குள். இத்தனை நாள் கடல் உப்பில் ஊறியபின் மலைக் குளிருக்கு இரண்டு இரவு கொடுப்பது நியாயம்தானே. 1921-ல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தை விடியற்காலையிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள், பகலில் கூட்டம் தாங்காது. வீதி செங்குத்து. 2025 செப்டம்பரில் சுற்றுலா போன பஸ் ஒன்று இதே வீதியில் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இறங்கும்போது குறைந்த கியரில் இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், இருட்டில் ஓட்டாதீர்கள்.

வீதியில் யானை வந்தால்?

வரும். ஹொரவப்பொத்தானைப் பக்கம், லகுகல, புத்தல–கதிர்காம வீதி மூன்றிலும் கவனம் வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் இந்த வழிகளில் ஓட்டவே வேண்டாம். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள், எஞ்சினை அணைக்காதீர்கள், ஹார்ன் அடிக்காதீர்கள், தேவையென்றால் மெல்லப் பின்னால் எடுங்கள். புத்தல வீதியில் சில யானைகள் வாகனத்தை மறித்து உணவு தேடும். காரணம், பழத்தை நீட்டிப் பழக்கிய பயணிகள்தான். தயவுசெய்து ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்காதீர்கள். அது யானைக்கும் கேடு, அடுத்து வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் ஆபத்து.

தெற்கில் அதிவேக வீதியில் போகலாமா, கரையோர வீதியிலா?

அதிவேக வீதி மணிக்கு 100 கிலோமீட்டர் வரை ஓட்டக்கூடியது, கட்டணம் உண்டு, ஆனால் கடலே தெரியாது. தங்காலையிலிருந்து காலி வரை கரையோர வீதியிலேயே வாருங்கள். தீவின் தென்முனையில் தேவேந்திரமுனைக் கலங்கரை விளக்கம், மிரிஸ்ஸவில் ஏப்ரல் வரை நீலத் திமிங்கிலம் பார்க்கும் படகுகள், வெலிகம, அப்புறம் காலிக் கோட்டை. ஹிக்கடுவைக்குப் பக்கத்தில் பெரேலியவில் ஒரு நிமிடம் நில்லுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று நின்றிருந்த ரயிலைக் கடல் அடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த இடம். அதற்குமேல் கொழும்பு வரை நெரிசல்தான். பத்தேகமவில் அதிவேக வீதி ஏறிவிடலாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

வடக்கு கிழக்கில் கவலையே இல்லை, எந்த ஊரிலும் ஒரு சைவக் கடை இருக்கும். இடியப்பம், சொதி, பிட்டு, தோசை, சம்பல். அசைவம் சாப்பிடுபவர்கள் யாழ்ப்பாணத்து நண்டுக் கறியையும் ஒடியல் கூழையும் விடக்கூடாது. தெற்கில் "சோறும் கறியும்" கேட்டால் பருப்பு, பலாக்காய், மரக்கறி என்று நான்கைந்து வரும். ஆனால் சம்பலில் மாசிக்கருவாடு இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். திஸ்ஸமஹாராமப் பக்கம் வீதியோரத்தில் மண்சட்டியில் விற்கும் எருமைத் தயிரைக் கித்துள் பாணியோடு (கித்துள் பனையின் பாகு) வாங்குங்கள்.

வேறு என்ன கவனிக்க வேண்டும்?

ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று மது விற்க மாட்டார்கள். அதை ஒட்டி வார இறுதி வந்தால் விடுதிகள் நிரம்பிவிடும், முன்பதிவு செய்யுங்கள். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். விகாரைகளில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது. யால பூங்காவின் முக்கியப் பகுதியை வறட்சி காரணமாகச் செப்டம்பர் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை பெரும்பாலும் மூடிவிடுவார்கள். சின்ன ஊர்களில் அட்டை செல்லாது, கையில் ரூபாய் இருக்கட்டும்.

அவசரத்துக்கு யாரை அழைப்பது?

பொலிஸ் 119. ஆம்புலன்ஸ் 1990; இந்திய உதவியோடு 2016-ல் தொடங்கிய இலவசச் சேவை, இப்போது தீவு முழுக்க ஓடுகிறது. சுற்றுலாப் பொலிஸ் 1912. புயல், வெள்ளம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. நான்கையும் எழுதி, காரில் முன்னால் உட்கார்பவர் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள்.